போட்டோ எடிட்டிங் கத்துக்கணுமா? கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் தெரிய வேண்டிய 5 அடிப்படைகள்

பாடியில் தொடங்கி அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, திருநின்றவூர் என்று நீளும் சி.டி.எச். சாலையில் கொஞ்ச தூரம் நடந்தாலே ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு ஸ்டூடியோ, ஒரு ஃப்ளெக்ஸ் பிரின்டிங் கடை கண்ணில் பட்டுவிடும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் இதே கதைதான். இந்தக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வசனங்கள் மூன்று.

“அண்ணா, போட்டோ 50 கே.பி.க்குள்ள வரணுமாம், குறைச்சுக் குடுங்க.”

“தாத்தா போட்டோ இது ஒண்ணுதான் இருக்கு. அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குப் பெருசு பண்ண முடியுமா?”

“பின்னாடி இருக்கிற செவுத்தை எடுத்துட்டு வெள்ளையா போட்டுடுங்க.”

மூன்றுமே போட்டோ எடிட்டிங் வேலைகள். வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர், வீட்டிலிருந்தே கேக் விற்பவர், எஸ்டேட்டில் சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவர் என எல்லோருக்கும் இது இன்று தேவைப்படுகிறது. அதனால்தான் ‘30 நாளில் போட்டோஷாப்’ என்ற விளம்பரங்களுக்கும் குறைவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்துக் கட்டிச் சேருபவர்கள் பலர். பிரச்சினை என்னவென்றால், பல வகுப்புகள் டூல்களை வரிசையாகக் காட்டிவிட்டு முடிந்துவிடுகின்றன. அடுத்த வெர்ஷனில் பட்டன் இடம் மாறினால், கற்றவர் மறுபடி முதலிலிருந்து தடுமாறுகிறார்.

எந்த சாஃப்ட்வேரிலும் மாறாத அடிப்படைகள் ஐந்துதான். அவை புரிந்துவிட்டால் மீதியைத் தேடித் தெரிந்துகொள்ளலாம்.

பென்சிலில் தொடங்கிய ‘டச்சப்’

எடிட்டிங் கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. ஃபிலிம் காலத்திலேயே ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவ் மீது கூர்மையான பென்சிலால் கோடு இழுத்து முகச்சுருக்கத்தைக் குறைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். தமிழகத்து ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுக்கப்பட்ட படங்களைப் பாதுகாக்க, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு ஒரு தனித் திட்டமே நடத்தியிருக்கிறார்கள்.

போட்டோஷாப்பின் கதை 1987-ல் தொடங்குகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்ட ஒரு புரோகிராம் எழுதினார். சினிமா கிராபிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் தம்பி உறவான ஜான் நோல், ‘இதைப் பெரிதாக்கலாம்’ என்று கூடச் சேர்ந்தார். 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் அதை போட்டோஷாப் 1.0 என்று வெளியிட்டது. பிறகு சேர்ந்த இன்ஜினீயர்களில் ஒருவரான சீதாராமன் நாராயணனின் பெயரை, சாஃப்ட்வேர் திறக்கும்போது வரும் திரையில் பல ஆண்டுகள் உலகமே பார்த்தது.

அதில் இன்றும் இருக்கும் ‘டாட்ஜ்’, ‘பர்ன்’ டூல்கள் இருட்டறையிலிருந்து வந்தவை. பிரின்ட் போடும்போது ஓர் இடத்தில் வெளிச்சம் படாமல் மறைத்தால் அங்கே வெளுக்கும். கூடுதலாக விழவிட்டால் கறுக்கும். டாட்ஜ், பர்ன் செய்வதும் அதேதான். டூல் மாறினாலும் தத்துவம் மாறாது என்பதற்கு இதுவே சாட்சி.

1. பிக்ஸல்: எல்லாக் கணக்கும் இங்கிருந்துதான்

டிஜிட்டல் போட்டோ என்பது சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளின் கட்டம். 12 மெகாபிக்ஸல் படம் என்றால் 4000 x 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். கேட்கும் போட்டோ 200 x 230 பிக்ஸல். கோப்பின் அளவு 20 முதல் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும். மொத்தம் 46,000 புள்ளிகள்தான். கையெழுத்துக்கு 140 x 60 பிக்ஸல், 10 முதல் 20 கே.பி.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பிக்ஸல் அளவு வேறு, கே.பி. அளவு வேறு. முதலில் தேவையான பகுதியை ‘கிராப்’ செய்ய வேண்டும். அடுத்து ‘இமேஜ் சைஸ்’ போய் பிக்ஸலைக் குறைக்க வேண்டும். கடைசியாக ஜேபெக் ஆகச் சேமிக்கும்போது ‘குவாலிட்டி’ என்ற ஸ்லைடரை நகர்த்தி கே.பி.யைப் பொருத்த வேண்டும். இந்த வரிசையை விட்டுவிட்டு குவாலிட்டியை மட்டும் அடிமட்டத்துக்கு இழுத்தால், அளவு 50 கே.பி.க்குள் வந்தாலும் முகம் கட்டம் கட்டமாகிவிடும். தேர்வுக்குத் தேர்வு அளவு மாறும் என்பதால், அந்தந்த அறிவிப்பைப் பார்த்தே செய்ய வேண்டும்.

இப்போது அஞ்சலி ஃப்ளெக்ஸ் கணக்குக்கு வருவோம். குடும்ப குரூப் போட்டோ ஒன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. சாதாரண தரத்தில் அனுப்பினால் அதன் நீளமான பக்கம் சுமார் 1600 பிக்ஸலாகச் சுருங்கிவிடும். அதில் தாத்தாவின் முகம் 150 பிக்ஸல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளெக்ஸில் அந்த முகத்தை 2 அடிக்குப் பெரிதாக்கினால், ஓர் அங்குலத்துக்கு 6 புள்ளிதான் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் 4 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு பச்சைப் பயறு அளவு. முகம் மங்கித் தெரிவது இதனால்தான். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அசல் பிரின்ட் வீட்டில் இருந்தால் அதை ஸ்கேன் செய்வதுதான் வழி. அசல் டிஜிட்டல் கோப்பு இருந்தால் வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அளவு சுருங்காது.

ஆல்பம் போல் கையில் வைத்துப் பார்க்கும் பிரின்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்பது பொதுவான கணக்கு. 3.5 x 4.5 செ.மீ. பாஸ்போர்ட் சைஸ் படம் என்றால் 413 x 531 பிக்ஸல். தூரத்திலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு இவ்வளவு தேவையில்லை.

2. லேயர்: கண்ணாடி மேல் வைத்த குங்குமம்

பூஜை அறையில் சாமி படத்துக்குக் குங்குமம் வைக்கிறோம். அது ஒட்டுவது ஃப்ரேமின் கண்ணாடியில், படத்தில் அல்ல. துடைத்தால் கண்ணாடி சுத்தம், படம் அப்படியே இருக்கும். லேயர் என்பதும் அந்தக் கண்ணாடிதான்.

1994-ல் வந்த போட்டோஷாப் 3.0-ல்தான் இந்த வசதி முதலில் சேர்ந்தது. அடியில் அசல் போட்டோ, அதற்கு மேல் பேக்ரவுண்ட் நிறம், அதற்கு மேல் எழுத்து, அதற்கு மேல் லோகோ என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தாளாக இருக்கும். “அந்த ஃபோன் நம்பர் தப்பு, மாத்துங்க” என்று வாடிக்கையாளர் இரவு 10 மணிக்கு மெசேஜ் போட்டால், எழுத்து இருக்கும் லேயரை மட்டும் திருத்தினால் போதும்.

புதியவர்கள் பழக வேண்டிய முதல் பழக்கம் இது: போட்டோவைத் திறந்ததும் அந்த லேயரை நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டும் கை வைப்பது. வெளிச்சம், நிறம் மாற்றும்போதும் ‘அட்ஜஸ்ட்மென்ட் லேயர்’ பயன்படுத்தினால், அடுத்த வாரம் திறந்துகூட அந்த மாற்றத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், எடுத்தே விடலாம். ‘கன்ட்ரோல் + இஸட்’ கோப்பை மூடும் வரைதான் காப்பாற்றும். லேயர் அதற்குப் பிறகும் காப்பாற்றும்.

3. செலக்‌ஷனும் மாஸ்க்கும்: எங்கே மாற்றம், எங்கே கூடாது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர் ஒரு இரும்பு உதிரி பாகத்தை மேஜை மேல் வைத்துப் படம் எடுக்கிறார். ஆன்லைன் கேட்டலாகில் வெள்ளைப் பின்னணியில் வேண்டும். பாகத்தை மட்டும் பிரித்தெடுக்கும் வேலைதான் ‘செலக்‌ஷன்’.

நேர்க்கோடும் வளைவும் தெளிவாக இருக்கும் பொருளுக்கு ‘பென் டூல்’ சரியாக வரும். பின்னணி ஒரே நிறமாக இருந்தால் ‘மேஜிக் வாண்ட்’ போதும். தலைமுடி, துணி நூல், மல்லிகைச் சரம் மாதிரியான விஷயங்களில்தான் சிக்கல். அங்கே ஓரத்தைக் கொஞ்சம் மென்மையாக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது மாதிரி தெரியும்.

செலக்‌ட் செய்த பிறகு தேவையில்லாததை ‘டெலீட்’ அடிப்பது புதியவர்களின் வழக்கம். அழித்தது போனதுதான். அதற்குப் பதில் ‘மாஸ்க்’ போட வேண்டும். கோல அச்சு நினைவிருக்கிறதா? துளை இருக்கும் இடத்தில் மாவு விழும், இல்லாத இடத்தில் விழாது. மாஸ்க்கும் அப்படியே: வெள்ளை பூசிய இடம் தெரியும், கறுப்பு பூசிய இடம் மறையும், சாம்பல் பூசிய இடம் பாதி தெரியும். காது ஓரம் தவறுதலாக மறைந்துவிட்டால் வெள்ளை பிரஷ்ஷை எடுத்துத் தடவினால் காது திரும்பி வந்துவிடும்.

4. வெளிச்சமும் நிறமும்: ‘கலர் தூக்குங்க’ என்றால் என்ன?

ஒவ்வொரு பிக்ஸலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றையும் கலந்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள். எடிட்டிங் என்பது இந்த எண்களை மாற்றுவதுதான்.

இந்த எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் மலை மாதிரியான வரைபடம்தான் ‘ஹிஸ்டோகிராம்’. மலை இடது பக்கம் குவிந்திருந்தால் படம் இருட்டு. வலது பக்கம் முட்டிக்கொண்டு நின்றால் வெளிச்சம் அளவு மீறியிருக்கிறது என்று அர்த்தம். முழுக்க வெளுத்துப்போன வெள்ளைச் சட்டையில் மடிப்புகளைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். காரணம், அங்கே தகவலே பதிவாகவில்லை. ‘லெவல்ஸ்’, ‘கர்வ்ஸ்’ இரண்டும் இந்த மலையை நகர்த்தும் கருவிகள். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எல்லோரும் மஞ்சளாகத் தெரிந்தால் ‘வைட் பேலன்ஸ்’ சரிசெய்ய வேண்டும். உண்மையில் வெள்ளையாக இருந்த பொருள் ஒன்றை, ஒரு வேட்டியையோ சுவரையோ, படத்தில் காட்டினால் சாஃப்ட்வேர் அதை வைத்து மீதி நிறங்களைத் திருத்திக்கொள்ளும்.

ஸ்டூடியோவில் “கொஞ்சம் கலர் தூக்குங்க” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இதையல்ல, தோலை வெளுப்பாக்குவதை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நிழலில் இருக்கும் முகத்துக்கு வெளிச்சம் கூட்டினால் கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் தெளிவாகும். ஆள் அதே ஆள்தான். தோலின் நிறத்தையே மாற்றினால் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று ஆகி, கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணை அவருடைய அம்மாவுக்கே அடையாளம் தெரியாமல் போகும். கறுப்பான முகத்தை அதே நிறத்தில் பளிச்சென்று காட்டத் தெரிந்தவர்தான் தொழில் தெரிந்தவர்.

5. சேமிப்பது: எந்தக் கோப்பு எதற்கு?

செய்த வேலையை லேயர்களோடு வைத்திருக்க போட்டோஷாப் என்றால் பி.எஸ்.டி., கிம்ப் என்றால் எக்ஸ்.சி.எஃப். வடிவம். இதுதான் மூலக் கோப்பு. இதை அழிக்கவே கூடாது. அனுப்புவதற்கு ஜேபெக். பின்னணி இல்லாத லோகோவுக்கு பி.என்.ஜி.

ஜேபெக் படத்தை 8 x 8 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத தகவலைக் கழித்துவிட்டுத்தான் சுருக்குகிறது. திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கழியும். ஜெராக்ஸின் ஜெராக்ஸ் மங்குவது மாதிரி. திருத்தம் வேண்டுமென்றால் மூலக் கோப்பைத் திறந்து திருத்தி, அதிலிருந்து புதிய ஜேபெக் எடுக்க வேண்டும்.

பிரின்ட்டுக்குப் போகும் வேலையில் இன்னொரு விஷயமும் உண்டு. திரை ஆர்.ஜி.பி. நிறங்களில் ஒளிர்கிறது. அச்சு இயந்திரம் சி.எம்.ஒய்.கே. எனப்படும் நான்கு மைகளில் அச்சிடுகிறது. மொபைலில் கண்ணைப் பறித்த பச்சையும் நீலமும் விசிட்டிங் கார்டில் சோர்ந்து தெரிவது இதனால்தான். எந்த வடிவத்தில் கோப்பு வேண்டும் என்று பிரின்டிங் கடையில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

தமிழ் எழுத்து ஏன் உடைகிறது?

வாட்ஸ்அப்பிலிருந்து தமிழை காப்பி செய்து போட்டோஷாப்பில் ஒட்டினால், சில சமயம் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘கெ’, ‘கொ’ எல்லாம் சிதறும். எழுத்துகளைச் சேர்த்து வரிசைப்படுத்தும் இன்ஜின் தமிழுக்கு ஏற்றதாக இல்லாததே காரணம். பழைய வெர்ஷன்களில் ‘ப்ரிஃபரன்ஸஸ்’ போய் ‘டைப்’ பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான இன்ஜினைத் தேர்ந்தெடுத்து, சாஃப்ட்வேரை மூடித் திறந்து, பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ என்பதை வைத்தால் சரியாகிவிடும்.

பல கடைகளில் இன்னமும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் மாதிரியான ஃபான்ட்கள் ஓடுகின்றன. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் புரியாத ஆங்கில எழுத்துகள் நிற்கும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. கற்கத் தொடங்குபவர்கள் யூனிகோடிலேயே பழகலாம். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், கேட்டமரான், பாலூ தம்பி, ஹிந்த் மதுரை, கவிவனார் என்று இலவசத் தமிழ் ஃபான்ட்கள் நிறைய இருக்கின்றன.

எந்த சாஃப்ட்வேர்?

போட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் 2013-லிருந்து சந்தா முறைக்குப் போய்விட்டன. மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அதனாலேயே ‘கிராக்’ வெர்ஷன் தேடுபவர்கள் உண்டு. அதோடு வைரஸும் சேர்ந்து வரலாம் என்பது ஒரு பக்கம். திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்தினால் காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. தொழில் தொடங்குபவர் எடுக்கக்கூடாத ரிஸ்க் இது.

இலவச வழிகளே தாராளம்:

* கிம்ப்: 1995-ல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது. முழுக்க இலவசம். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது. ஃபில்டர்களை அசல் கெடாமல் போடும் வசதி அதில் சேர்ந்தது.
* போட்டோபீ: இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசரிலேயே ஓடும். பி.எஸ்.டி. கோப்பையும் திறக்கும். தோற்றம் போட்டோஷாப் மாதிரியே இருப்பதால் பிறகு மாறுவது எளிது.
* ஸ்னாப்சீட்: கூகுளின் மொபைல் ஆப். வெளிச்சம், நிறம் பழக ஏற்றது.
* அஃபினிட்டி: கேன்வா நிறுவனம் வாங்கிய இது, 2025 அக்டோபர் இறுதியில் இலவசமாக்கப்பட்டது.

தமிழிலேயே பாடம் வேண்டும் என்றால் ஐ.ஐ.டி. பாம்பேயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ தளத்தில் கிம்ப் பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய பதிப்பை வைத்து எடுத்தவைதான். லேயரும் மாஸ்க்கும் மாறிவிடவில்லை.

நான்கு வாரம், நான்கு வேலை

முதல் வாரம்: சொந்த போட்டோவை 413 x 531 பிக்ஸலுக்கு மாற்றி, 4 x 6 அங்குலத் தாளில் 8 படங்களாக அடுக்கி, பிரின்ட் எடுத்து ஸ்கேலால் அளந்து பார்ப்பது. இரண்டாவது வாரம்: வீட்டிலுள்ள ஒரு பொருளைப் படமெடுத்து, மாஸ்க் மூலம் வெள்ளைப் பின்னணிக்கு மாற்றுவது. மூன்றாவது வாரம்: இருட்டான, மஞ்சளான ஒரு விசேஷப் படத்தைத் தோல் நிறம் மாறாமல் சரிசெய்வது. நான்காவது வாரம்: தெரிந்தவர் கடைக்குத் தமிழில் ஒரு விலைப்பட்டியல் செய்து, உண்மையில் அச்சடித்துக் கொடுப்பது.

இதற்குப் பிறகும் கோர்ஸ் தேவை என்று தோன்றினால், சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ‘வகுப்பில் நிஜ வேலை எத்தனை செய்வோம்? பிரின்ட் எடுத்துப் பார்ப்போமா? ஒரு டெமோ கிளாஸ் உட்காரலாமா?’ சர்டிஃபிகேட்டைவிட, பத்து வேலைகளின் ‘முன்பு - பின்பு’ படங்கள் இருக்கும் ஃபோல்டர்தான் இன்டர்வியூவில் பேசும்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு?

2023 மே மாதம் போட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பில் ‘ஜெனரேட்டிவ் ஃபில்’ வந்தது. எழுதிக் கேட்டால் படத்தில் இல்லாததை வரைந்து தருகிறது. பின்னணியை நீக்குவது ஒரே தட்டில் முடிகிறது. ஆனால் விரல் ஆறாகிவிட்டதா, காது வளையத்தோடு சேர்ந்து போய்விட்டதா, போர்டிலிருந்த தமிழ் எழுத்து கோணலானதா என்று பார்த்து, மாஸ்க் போட்டுத் திருத்த ஆள் வேண்டும்.

பழைய படத்தைத் தெளிவாக்கும் ஏ.ஐ. ஆப்களில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மங்கிய முகத்தில் இல்லாத தகவலை அது யூகித்து நிரப்புகிறது. கண் பளிச்சென்று இருக்கும், தோல் வழவழப்பாக இருக்கும். பார்த்ததும் பாட்டி, “இது உங்க தாத்தா இல்லையேப்பா” என்பார். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அசல் முகம் போதும் என்று முடிவெடுப்பது எடிட்டரின் வேலை.

கை தேர்ந்துவிட்டால் தவறான வேலைகளும் தேடி வரும். “மார்க் ஷீட்டில் ஒரு நம்பரை மட்டும் மாத்திக் குடு தம்பி” என்பார்கள். மின்னணு ஆவணத்தைப் பொய்யாக உருவாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-வது பிரிவின்படி போர்ஜரி. ஏமாற்றும் நோக்கம் இருந்தால் 7 ஆண்டு வரை சிறை. ஒருவருடைய முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி இணையத்தில் பரப்புவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவு இருக்கிறது. விளையாட்டுக்குச் செய்தேன் என்பது அங்கே எடுபடாது. இப்படி வேலை கேட்டு வருபவரிடம், “அது நான் பண்றதில்லைண்ணா” என்று முதல் நாளே சொல்லிவிடுவது தொழிலுக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது.